மாத்திரை எழுதிய கடிதம்

அத்தியாயம் 14

மதுரைவீரனின் சட்டைப் பையில் தாயம்மா ஒரு மடித்த காகிதத்தைக் கண்டெடுத்த இடத்தில் போன வாரம் அவளைத் தனியே விட்டுவிட்டு வந்தோம். அது வேறு யாரோ ஒருத்தி எழுதிய கடிதமாக இருக்குமோ என்று இரண்டு வாசகிகள் கவலைப்பட்டுக் கார்டு போட்டிருக்கிறார்கள். வேண்டாம் அம்மா, அந்தச் சாமர்த்தியமெல்லாம் நம் மதுரைவீரனுக்குக் கிடையாது. இது அதைவிட மோசமான கடிதம்.

தாயம்மாவுக்கு எழுத்து தெரியாது. காலை ஆறரை மணிக்கு, மதுரைவீரன் தெருக்குழாயில் குளித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, மகள் பார்வதத்தின் முன் அதை நீட்டினாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப் அடிக்கப் போகும் பெண். சாய்ந்து சாய்ந்து போகும் அந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே அவளுக்கு அது அப்பாவுடையது என்று தெரிந்துவிட்டது.

"'உடல்நலக் குறைவு காரணமாக நான் கிரேன் வேலையிலிருந்து நிரந்தரமாக விலகிக்கொண்டு, ஸ்டோர்ஸில் லேசான வேலை பார்க்க மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன். இனி எக்காரணம் கொண்டும் கிரேன் வேலை கேட்க மாட்டேன்.'"

"எக்காரணம்னா இன்னாடி?"

"எது நடந்தாலும் கேக்க மாட்டேன்னு அர்த்தம்மா. இத்த குடுத்துட்டா நைனா ரிட்டயர் ஆவற வரிக்கும் மேல ஏற முடியாது. இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணும்னு தேதி போட்டுக்கீது."

தாயம்மா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையை மறந்து நின்றாள்.

பதினோரு வருஷம். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையின் பெரிய கொட்டகைக்குள்ளே, கூரையை ஒட்டி, நாற்பத்திரண்டு படி ஏறிப் போய் உட்கார்ந்து, டன் கணக்கில் இரும்பைக் கொக்கியில் தூக்கி, கீழே நிற்கும் ஆட்களின் தலைமுடிகூட அசையாமல் இறக்கி வைத்தவர் மதுரைவீரன். சும்மா இறக்க மாட்டார். கீழே ஒருத்தன் கவனக்குறைவாக நின்றால் மேலேயிருந்து அவன் வம்சத்தையே விசாரிப்பார். ரேஷன் கடையிலும் கல்யாணப் பந்தியிலும் அவர் குரல்தான் முதலில் கேட்கும். அந்தக் குரலுக்காகவே பாதிப் பேர் அவரை விரும்பினார்கள், மீதிப் பேர் வெறுத்தார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் மேலேயே மூக்கில் ரத்தம் வந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ரத்தக் கொதிப்பு இருநூறு என்றார்கள். டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள், தொழிற்சாலையில் தற்காலிகமாக ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து கொதிப்பு இறங்கியது. கூடவே மனிதரும் இறங்கிப் போனார்.

"கிழிச்சுப் போட்டுடட்டாம்மா?" பார்வதத்தின் விரல்கள் காகிதத்தின் இரண்டு முனையையும் பிடித்திருந்தன.

"வேணாம். கிழிச்சா இன்னொண்ணு எழுதுவாரு. எழுத வெச்சவங்களத்தான் புடிக்கணும்." தாயம்மா அதைப் பிடுங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் திரும்ப வைத்தாள். அப்படி வைத்ததற்காக மதியத்துக்குள் அவள் தன்னையே திட்டிக்கொள்ளப் போகிறாள்.

மதுரைவீரன் பாதி வாளித் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

"இன்னாய்யா, வாளி ரொம்பல?"

"நடுவுல ஒருத்தன் வந்து குடத்த வெச்சான். போட்டும்."

போட்டும்! வரிசையில் ஒருவன் நடுவில் புகுந்தால் குடத்தைத் தூக்கிக் கூவம் வரைக்கும் வீசியிருக்கக்கூடிய மனிதர். இந்த ஒன்றரை மாதமாக அவர் வாயிலிருந்து இந்த ஒரு வார்த்தைதான் வருகிறது. சோறு குழைந்தால் போட்டும். ரேடியோ கெட்டால் போட்டும். தீபாவளிக்குத் துணி எடுக்கவில்லையா, போட்டும்.

காலனியில் எல்லோரும் தாயம்மாவை வாழ்த்தினார்கள் என்பதுதான் கொடுமை. "நல்லா அடங்கிட்டாரு" என்றார்கள். பக்கத்து வீட்டு ஜமீலா நேற்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுக்காரருக்கும் அந்த மாத்திரையில நாலு வாங்கிக் குடு அக்கா" என்று கேட்டாள். அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். தாயம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு அடங்கின ஆளு வேணாண்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

இப்போது அவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கரண்டிப் பொடியை மோரில் கலக்கிக் கணவனிடம் நீட்டினாள். அவள் தம்பி செங்கல்வராயன் வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்து கொடுத்துவிட்டுப் போன வேர்ப்பொடி. அங்கே ஒரு வைத்தியர் கொதிப்புக்கென்றே இடித்துத் தருகிறாராம். இங்கிலீஷ் மாத்திரை ஆளைக் கெடுக்கிறது, நம் பொடி அதைச் சரிக்கட்டும் என்பது தாயம்மாவின் கணக்கு. ஒரு மாதமாகக் காலையும் மாலையும் தன் கையாலேயே கொடுத்து வருகிறாள். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்று எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் தெரியாது?

மதுரைவீரன் மோரைக் குடித்தார். அது என்ன என்றுகூடக் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போனார். கடிதமும் பையிலேயே போனது.

"நீ இன்னிக்கு வேலைக்குப் போவாத" என்றாள் தாயம்மா மகளிடம். "டிஸ்பென்சரிக்கு வா. நான் பேசறதுல எதாச்சும் தப்பா பூட்டா நீ திருத்து."

"நீ பேசிக்கினே கீறப்ப யாரும்மா நடுவுல திருத்த முடியும்?" என்றாள் பார்வதம், செருப்பை மாட்டியபடி.

காலனி டிஸ்பென்சரி டாக்டர் நாகேந்திரன் கெட்டவர் அல்ல. மதியச் சாப்பாட்டுக்குள் நூறு பேரைப் பார்த்துவிடுவார், யாரிடமும் கை நீட்ட மாட்டார். ஒரே குறை, நோயாளி கேள்வி கேட்டால் மட்டும் அவருக்குக் காது மந்தமாகிவிடும்.

வாசலில் கம்பவுண்டர் குணசேகரன் கையைக் குறுக்கே நீட்டினார். "பேஷண்ட் எங்கம்மா? பேஷண்ட் இல்லாம உள்ளே போகக் கூடாது."

தாயம்மா அந்தக் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டாள். பார்வதமும் குனிந்தாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். "யாருக்கு உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. எங்க ஊட்டுக்காரரக் காணோம். கண்டுபுடிச்சுக் குடுங்க."

"அதுக்குப் போலீஸ் ஸ்டேஷன் போகணும்மா."

"போலீஸ்காரனா எடுத்துக்கினு போனான்? நீங்கதான் எடுத்துக்கினீங்க."

டாக்டர் இப்போது நிமிர்ந்தார். பார்வதம் அவசரமாக, "மதுரைவீரன், சார். கிரேன் ஆப்பரேட்டர்" என்றாள். டாக்டர் சீட்டைத் தேடி எடுத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மதுரைவீரனா! இருநூறில இருந்து நூத்து முப்பதுக்கு வந்திருக்கார். இங்கே இவ்வளவு அழகா இறங்கின பிரஷர் வேற யாருக்கும் இல்லை. சந்தோஷப்பட வேண்டாமா?"

"நம்பரு நல்லாத்தான் கீது. ஆளு எங்க டாக்டரு?" தாயம்மா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "சண்ட போட மாட்டேங்கறாரு. சிரிக்க மாட்டேங்கறாரு. சோறு வெச்சா துன்றாரு, வெக்கலைன்னா கேக்கல. செவுத்தப் பாத்துக்கினே குந்திக்கினு கீறாரு. இன்னிக்குக் கிரேனே வேணான்னு எழுதி வெச்சுக்கீறாரு."

"அவரே விருப்பப்பட்டுத்தான் கேட்டார். நான்தான் சரின்னேன். லேசான வேலை, உடம்புக்கு நல்லது."

"அவரு கேக்கல. அந்தக் கடுதாசிய அவரு எழுதவேல்ல. உங்க மாத்திரை எழுதிச்சு!"

வெளியே வரிசையில் இருந்தவர்கள் வாசலுக்கு நெருங்கி வந்தார்கள். குணசேகரன் கதவுச் சந்தில் தலையை நுழைத்தார்.

"அந்த மாத்திரைக்குப் பேர் என்ன சார்?" என்று கேட்டாள் பார்வதம்.

"பேர் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே?"

"எங்கப்பா தினம் முழுங்கறாரு. பொட்டலத்துல ஒண்ணும் எழுதறதில்லை. அரிசி வாங்கினாக்கூட இன்ன அரிசின்னு சொல்லித்தான் போடறாங்க."

டாக்டருக்குக் கோபம் வந்தது. பேனாவைத் திறந்தார், மூடினார். அந்த நேரம் பார்த்துத் தாயம்மா தன் பக்கத்து நியாயத்தைப் பலப்படுத்த நினைத்து, மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜையில் போட்டாள்.

"உங்க மாத்திரை எப்பேர்ப்பட்டதுன்னு இத்தப் பாருங்க. ஒரு மாசமா இந்த வேர்ப்பொடிய ரெண்டு வேளயும் கலக்கிக் குடுக்கறேன். அதுக்குக்கூட அடங்க மாட்டேங்குது!"

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்தார். முகர்ந்தார். நுனிநாக்கில் தொட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன வேர்னு சொன்னாங்க?"

"சர்ப்பகந்தின்னாரு வைத்தியரு."

டாக்டர் நாகேந்திரன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாயம்மா தாங்கியிருப்பாள்.

"அம்மா, நான் கொடுக்கிற மாத்திரை இருக்கே, அதுவும் இந்த வேரிலேர்ந்து பிரிச்சு எடுத்ததுதான். அந்த வைத்தியர் சரியான மருந்துதான் கொடுத்திருக்கார். நானும் சரியான மருந்துதான் கொடுத்தேன். ரெண்டும் ஒண்ணு. நீ ஒரே மருந்தை ரெண்டு வழியா அவருக்கு ஊத்தியிருக்கே. அளவு மீறினா இது மனசைப் போட்டு அமுக்கிடும்."

தாயம்மா நாற்காலியைத் தேடினாள். பார்வதம் இழுத்துப் போட்டாள். தினமும் காலையில் தன் கையால் கலக்கிய மோர், அவர் அதை ஒரு சொல் கேட்காமல் குடித்தது, எல்லாம் அவள் கண்முன் வந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் இந்த டாக்டர் சமாதானம் சொல்லி வெளியே அனுப்பிவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள்.

"எம்மேல தப்புதான். ஒத்துக்கறேன். உங்களுக்குத் தெரியாம குடுத்தேன். ஆனா இந்த மாத்திரை இன்னா வேரு, இது தின்னா மனுசன் இப்டி ஆவான்னு மொத நாளே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானு அந்தப் பொட்டலத்த வாங்கியே இருப்பனா? நான் பண்ணது பாதி, நீங்க சொல்லாதது பாதி. ரெண்டு பேருமா சேந்துதான் அவர இப்டி ஆக்கிட்டோம். இப்ப வேற மாத்திரை குடுங்க."

இருபது வருஷ டாக்டர் தொழிலில் அவரை யாரும் 'ரெண்டு பேருமா சேந்து' என்று தங்களோடு கூட்டுச் சேர்த்ததில்லை. அவர் சீட்டை எடுத்து மறுபடி படித்தார்.

"குணசேகரன், ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டு மதுரைவீரனை வரச் சொல்லு."

மதுரைவீரன் வந்தபோது மணி பன்னிரண்டு. மனைவியையும் மகளையும் அங்கே பார்த்ததில் அவருக்கு ஆச்சரியம்கூட ஏற்படவில்லை. காட்டிய ஸ்டூலில் உட்கார்ந்தார். டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இறக்கினார்.

"நூத்து இருபத்தெட்டு" என்று வாய்விட்டே சொன்னார். பார்வதம் அதைக் கைக்குட்டை அளவுக் காகிதம் ஒன்றில் எழுதிக்கொண்டாள். பிறகு டாக்டர், இந்த இரண்டு மாதத்தில் கேட்காததைக் கேட்டார். "மனசு எப்படி இருக்கு மதுரைவீரன்?"

மதுரைவீரன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காலைல பேக்டரி சங்கு ஊதினா அழுவ வருது டாக்டரு. எதுக்குன்னு தெர்ல. கக்கூஸுக்குள்ள போய் நின்னுக்கினு, அழுதுட்டு வருவேன்."

தாயம்மாவுக்கு இது புதுச் செய்தி. இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள். அவள் கணவனின் தோளில் கையை வைத்தாள், டாக்டர் முன்னாலேயே.

டாக்டர் மேஜை டிராயரை இழுத்து மூன்று மாத்திரைகளை ஒரு காகிதத்தின் மேல் வைத்தார். வகுப்பில் பாடம் எடுப்பவர் மாதிரி இல்லாமல், கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார்.

"இது இப்போ சாப்பிடறது. இனிமே உனக்கு வேண்டாம். இது புதுசு, சாம்பிளா வந்தது, பட்டணத்தில பெரிய மருந்துக் கடையில கிடைக்கும், இங்கே ஸ்டாக் இல்லை. பிரஷரை நல்லா இறக்கும், ஆனா பகல்ல தூக்கம் வரும், எழுந்து நின்னா சில பேருக்குத் தலை சுத்தும். இந்த மூணாவது, உடம்பில இருக்கிற உப்பையும் தண்ணியையும் சிறுநீரா வெளியே தள்ளும். மனசைத் தொடாது, தூக்கமும் வராது."

"அப்ப அதையே மொதல்ல குடுத்திருக்கலாமே சார்?" என்றாள் பார்வதம்.

"முதல் ரெண்டு வாரம் மணிக்கு ஒரு தடவை ஒண்ணுக்கு ஓடணும்மா. அவர் உட்கார்ற இடம் எங்கே இருக்கு? மேலே. மணிக்கு ஒரு தடவை எப்படி இறங்கி ஏறுவார்? அதை யோசிச்சுத்தான் கொடுக்கலை."

"என்னியக் கேட்டீங்களா?"

யார் பேசியது என்று மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மதுரைவீரன் தரையைப் பார்த்தபடிதான் இருந்தார். ஆனால் அவர் கை ஸ்டூலின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"என்னியக் கேட்டீங்களா டாக்டரு? நாப்பத்திரெண்டு படி. எறங்கறவன் நானு, ஏர்றவன் நானு. ஒண்ணுக்குப் போறவனும் நான்தான். இதுல உங்களுக்கு இன்னா?"

குரல் பழைய மதுரைவீரனின் குரலில் காலே அரைக்கால்தான் இருக்கும். ஆனாலும் அந்த 'இன்னா' அவருடையது. குணசேகரன் கதவுச் சந்திலிருந்து தலையை இழுத்துக்கொண்டார். தாயம்மா சிரித்தாள், அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

மதுரைவீரன் கையை நீட்டி மூன்றாவது மாத்திரையை எடுத்துக்கொண்டார்.

டாக்டர் நாகேந்திரன் நிபந்தனைகளை அடுக்கினார். பொடி இன்றோடு குப்பைக்கு. வெள்ளை மாத்திரையும் இன்றோடு நிறுத்தம், ஆனால் அதன் பிடி உடம்பை விட்டுப் போகச் சில வாரம் ஆகும், அதுவரை வீட்டில் பொறுமை வேண்டும். தினம் வாழைப்பழம். ஊறுகாய் கூடாது, கருவாடு கூடவே கூடாது. மூன்று வாரம் தரையில்தான் வேலை. வாரா வாரம் வந்து அளக்க வேண்டும்.

"அளந்தா நம்பரை எங்ககிட்ட சொல்லணும் சார்" என்றாள் பார்வதம். "மாத்திரை பேரையும் பொட்டலத்து மேல எழுதணும்."

"எழுதறேம்மா, எழுதறேன்." அவர் உண்மையாகவே எழுதினார். "மூணு வாரம் கழிச்சு நம்பர் நின்னா, மேலே ஏறலாம்னு நானே சர்ட்டிபிகேட் தரேன். நிக்கலைன்னா நீங்க மூணு பேரும் வந்து கத்தினாலும் தர மாட்டேன். சரிதானா?"

"சரி" என்றாள் தாயம்மா. நியாயமான பேச்சுக்கு அவள் எப்போதும் சரி சொல்பவள். "இன்னாய்யா, அந்தக் கடுதாசிய எடு. டாக்டரு எதுருலயே கிழிச்சுப் போடலாம்."

மதுரைவீரன் சட்டைப் பையைத் தொட்டார். தொட்ட கை அங்கேயே நின்றது.

"பத்து மணிக்கே குட்த்துட்டேன் தாயம்மா."

பார்வதம் அம்மாவைப் பார்த்தாள். காலையில் கிழித்திருக்கலாம், காகிதத்தின் இரண்டு முனையும் விரலில்தான் இருந்தன. தாயம்மாவுக்கும் அதே நினைப்புத்தான். அவள் தன்னைத் திட்டிக்கொண்ட வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

"ஆபீஸ்ல வாங்கியாச்சுன்னா கஷ்டம்மா" என்றார் டாக்டர் மெதுவாக. "நாலு மணிக்குப் பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டு ஆர்டர் ஆயிடும். அப்புறம் நான் எத்தனை சர்ட்டிபிகேட் எழுதினாலும் கிரேன் திரும்பாது."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால்.

"யாருகிட்ட குட்த்தே?"

"பேக்டரிக்குள்ள, பர்சனல் ஆபீஸ்ல. போட்டும் தாயம்மா. பொம்பளைங்கள உள்ள வுட மாட்டாங்க. கேட்டுல மிலிட்டரிக்காரன் துப்பாக்கி வெச்சுக்கினு நிக்கிறான்."

தாயம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எந்த கேட்டு?" என்று கேட்டாள்.